ஜெபா மூச்சு விட்ட வழி

2024 ஆகஸ்ட் 12, திங்கள்

கடை திறந்ததும் முதல் ஆள், "மட்டிப்பழத் தோல் கலர்ல பெயிண்ட் உண்டா?" என்று கேட்டார். கல்யாண வீடாம். பழுத்த தோலா, பழுக்கப் போகிற தோலா என்று கேட்டேன். வீட்டுக்குப் போன் போட்டு மனைவியிடம் கேட்டுச் சொன்னார். நான்கு தடவை கலந்து காட்டிய பிறகு, "முதல்ல காட்டினதே கொள்ளாம்" என்று எடுத்துக்கொண்டு போனார். எங்கள் ஊர் கொட்டாரத்தில் பெயிண்ட் கடை வைத்தவனுக்குப் பொறுமை தானாக வந்துவிடும்.

என் மனைவி ஜெபா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் ஆரம்பித்தாள். பதினைந்தாம் தேதி அணிவகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னும் இடது கால் எது வலது கால் எது என்று தெரியவில்லை, தலைமையாசிரியருக்கு மைக் பிடிக்கத் தெரியவில்லை. அவள் பி.டி. டீச்சர், மைதானத்தில் கத்திப் பழகிய தொண்டை, சமையலறையிலும் அப்படியேதான். எங்கள் வீட்டில் பேச்சு அவள் துறை, கேட்பது என் துறை. இருபத்தோரு வருடமாக இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை.

நடுவில் சொன்னாள்: "இஞ்ச பாருங்க, கால்ல செருப்பு கெடக்கா இல்லியான்னே தெரியல்ல. மரத்துப்போன மாதிரி இருக்கு." போன மாதக் கடைசியில் வயிற்றுப்போக்கு வந்து இரண்டு நாள் கிடந்தாள். அந்தக் களைப்பாக இருக்கும்.

ஆகஸ்ட் 14, புதன்

நாற்காலியிலிருந்து எழும்போது என் தோளைப் பிடித்தாள். பிடிக்கிறவள் இல்லை அவள். பக்கத்து கிளினிக்கில் சத்து மாத்திரை கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

சொன்னால் கேட்கவா போகிறாள்? போயே ஆகவேண்டும் என்றாள். ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோனேன். மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கொடி ஏறியது. பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஜெபா விசிலை வாயில் வைத்து ஊதினாள்.

சத்தம் வரவில்லை. காற்று மட்டும் புஸ் என்று வந்தது.

மறுபடி ஊதினாள். மறுபடியும் புஸ். பிள்ளைகள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த விசிலை அவள் ஊதினால் ரோட்டில் போகிற பஸ் நிற்கும்.

ஆட்டோ பிடித்து நேராக நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு.

ஆகஸ்ட் 17, சனி

நேற்று இரவு அவளுக்கு மூச்சுக்குழாய் போட்டார்கள். வாய் வழியாக, வென்டிலேட்டரில்.

ஐ.சி.யூ. டாக்டர் பெயர் சுஜி. பக்கத்தில் உட்காரவைத்துத்தான் பேசினார். ஜெபாவின் உடம்பே அவள் நரம்புகளுக்கு எதிரியாகிவிட்டதாம். வயிற்றுக் கிருமியோடு சண்டை போடப் போன படை, ஆள் மாறி நரம்பின் மேலுறையை அடித்துவிட்டது. "ஒயருக்க மேல்தோல் உரிஞ்சா கரண்டு போகாதுல்லா, அது போல. ஆனா திரும்ப வளரும் அண்ணா. மாசக்கணக்கா எடுக்கும். அதுவரைக்கும் மூச்ச நம்ம பாத்துக்கிடணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. படிக்கட்டில் வந்து உட்கார்ந்து அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு மகள் பிளஸ்ஸிக்குப் போன் செய்தேன். கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி ரயிலில் வருகிறாள்.

ஆகஸ்ட் 21, புதன்

ஜெபாவுக்கு எல்லாம் தெரிகிறது, எல்லாம் கேட்கிறது. கை, கால், முகம் எதுவும் அசையவில்லை. கண்ணும் புருவமும் மட்டும் அவள் சொல்படி கேட்கின்றன. ஒரு தடவை சிமிட்டினால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை. இதை ஏற்பாடு செய்தது லிஜின் பிரதர். பிரதர் என்றால் இங்கே ஆண் நர்ஸ்.

பிளஸ்ஸி ஒரு அட்டையில் எழுத்துகளை எழுதி வந்தாள். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் இருபத்தாறோடு முடிந்திருக்கும். அம்மா தமிழில்தான் பேசுவாள் என்று அடம்பிடித்து, மெய்யெழுத்து ஒரு பக்கம், கால் கொம்பு எல்லாம் இன்னொரு பக்கம். நாங்கள் விரலை நகர்த்திக்கொண்டே போவோம், அவள் சரியான இடத்தில் சிமிட்டுவாள்.

முதல் வார்த்தைக்காக இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ச. பிறகு ட். பிறகு டை.

சட்டை.

"சட்டையா? என்ன சட்டைம்மா?" என்றாள் பிளஸ்ஸி. ஜெபாவின் கண் என் மேல் இருந்தது. குனிந்து பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றைக்குப் போட்ட அதே சட்டை, காலரில் டிஸ்டெம்பர் கறையோடு.

வீட்டுக்குப் போய்க் குளித்து மாற்றிக்கொண்டு வந்தேன். ஒரு தடவை சிமிட்டினாள்.

ஆகஸ்ட் 26, திங்கள்

டாக்டர் சுஜி கூப்பிட்டார். வாய் வழிக் குழாயை இதற்குமேல் வைத்திருந்தால் குரல்நாண் புண்ணாகும், வாயும் புண்ணாகும், வலிக்காக மயக்க மருந்து ஏற்றிக்கொண்டே இருக்கவேண்டும். அதனால் கழுத்தில், தொண்டைக்குழிக்கு மேல் சின்னத் துளை போட்டு அதன் வழியாகக் குழாய் வைக்கவேண்டும். இன்னும் பல வாரம் மெஷின் தேவைப்படும் என்றார்.

"எங்க வச்சு?" என்று கேட்டேன்.

"அவங்க கெடக்க கட்டில்லயே வச்சு."

ஆபரேஷன் தியேட்டர் கிடையாதா?

வேண்டுமென்றால் தியேட்டரிலும் செய்யலாம், செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும், வெள்ளிக்கிழமைதான் இடம் கிடைக்கும் என்றார். "ஆனா மெஷினோட, இத்தனை ஒயரோட, லிஃப்டுல எறக்கி கொண்டுபோய்க் கொண்டுவரணும். வழியில குழாய் நழுவினா அதுதான் பெரிய ஆபத்து. இங்கயே செய்தா அவங்கள அசைக்காண்டாம். முதல்ல ஊசி, ஊசிக்குள்ள மெல்லிசான கம்பி, கம்பி வழியா துளைய மெல்ல விரிப்போம். உள்ள கேமரா விட்டுப் பாத்துக்கிட்டேதான். ரத்தக் கசிவு ரெண்டு எடத்துலயும் உண்டு. ரெண்டுலயும் கொறவுதான்."

பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார். அதை அப்படியே எழுதி வைக்கிறேன்: "செலவு கொறவுங்கதுக்காக நான் இத சொல்லல்ல அண்ணா. செலவு கொறவா இருக்குங்கதுக்காக நீங்க இத சந்தேகப்படவும் வேண்டாம்."

எப்படிக் கண்டுபிடித்தார்? நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னை எங்கள் குடும்பத்தில் கைப்பிடிக்காரன் என்பார்கள். தள்ளுபடி வராமல் ஒரு குடைகூட வாங்கியதில்லை. இப்போது ஜெபாவின் கழுத்து விஷயத்தில் குறைந்த விலையைத் தேர்ந்தெடுத்தேன் என்று ஆகிவிடாதா? ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்? எந்த முகத்தை வைத்துக்கொண்டு... வேண்டாம். யோசிக்கவே வேண்டாம்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

ஆன்ஸ்லின் மச்சான் குவைத்திலிருந்து போன். ஜெபாவின் அண்ணன். எடுத்த எடுப்பில் சத்தம்.

"மாப்ள, கட்டில்ல வச்சு கழுத்த அறுப்பாவளாம்! அது என்ன ஆஸ்பத்திரியா, சலூனா? பைசாவுக்கு நீரு யோசிக்கேருன்னா சொல்லும், நான் அனுப்புகேன். எனக்க தங்கச்சிக்குத் தியேட்டரு வேணும்."

வழக்கமாக மச்சான் பேசினால் நான் உம் கொட்டுவேன். இன்றும் உம் கொட்டினேன். போனை வைத்த பிறகுதான் கோபம் வந்தது. மச்சான் மேல் இல்லை, என் மேல்.

மத்தியானம் சபையிலிருந்து பெண்கள் ஐக்கியம் மொத்தமும் வேன் பிடித்து வந்துவிட்டது. வராந்தாவில் நின்று பாட ஆரம்பித்தார்கள். செக்யூரிட்டி ஓடிவந்து, "அம்மா, மெதுவா" என்றார். மெதுவாகப் பாடினார்கள், அதுவே இரண்டாம் மாடிவரை கேட்டிருக்கும். செல்லக்கனி அக்கா எனக்குக் கட்டுச்சோறு தந்துவிட்டு, "தியேட்டருதான் நல்லது" என்றார். அவர் மகள், "இல்ல, வீட்டுல எல்லாருகிட்டயும் கேட்டு செய்யுங்க" என்றாள். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், ஊர் முழுக்க.

அப்போதுதான் உறைத்தது. எல்லாரிடமும் கேட்டாயிற்று. அவளிடம் கேட்டோமா?

டாக்டரிடம் சொன்னேன். "வாங்க, சேந்து கேப்போம்" என்று உடனே எழுந்து வந்தார். ஜெபாவுக்கு எல்லாவற்றையும் சொன்னார். கட்டில், தியேட்டர், ஊசி, கம்பி, கேமரா, ரத்தக் கசிவு. நான் செலவையும் சொன்னேன், மறைக்கவில்லை. ஜெபா அட்டையைப் பார்த்தாள். கு - ர - ல்.

"திரும்ப வருமான்னு கேக்கிறியளா டீச்சர்? குழாய் இருக்க வரைக்கும் சத்தம் வராது. கொஞ்சம் தேறினப்புறம் ஒரு சின்ன மூடி வச்சுப் பேசவைக்கலாம். குழாய எடுத்தப்புறம் முழுசா வரும், அதுக்குத்தான் வாய்வழிக் குழாய சீக்கிரம் எடுக்கணும்ங்கேன்."

"ஏட்டி, உனக்கு எது வேணும்? தியேட்டருன்னா ஒண்ணு சிமிட்டு. இங்கயேன்னா ரெண்டு" என்றேன்.

இரண்டு.

சரியாகப் பார்த்தேனா என்று மறுபடி கேட்டேன். இரண்டு தடவை சிமிட்டிவிட்டு, புருவத்தை ஒரு மாதிரி தூக்கினாள். இத்தனை வருடத்தில் அந்தப் புருவத்துக்கு அகராதி எனக்குத் தெரியும். "ஒரு தடவ சொன்னா போராதா?"

மச்சானுக்கு நானே போன் போட்டேன். "ஜெபா சொல்லியாச்சு மச்சான். இஞ்சதான்." நான் பேசி அவர் கேட்டது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஆகஸ்ட் 28, புதன்

இன்று செய்வதாக இருந்தது. செய்யவில்லை.

எல்லாம் தயாராகித் திரையும் இழுத்துவிட்டார்கள். வெளியே நான், பிளஸ்ஸி, வீடியோவில் மச்சான். கொஞ்ச நேரத்தில் டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டாமலிருக்கப் போடுகிற ஊசியை இன்று காலையில் நிறுத்தியிருக்க வேண்டுமாம், வழக்கம்போல் போட்டுவிட்டார்கள். "அந்த மருந்து எறங்கணும். இப்ப செய்தா கசிவு கூடும். பெரிசா ஒண்ணும் வராதுன்னுதான் நெனைக்கேன், ஆனா நெனைப்ப நம்பி நான் செய்ய மாட்டேன். நாளைக்கு. எங்க மேலதான் தப்பு, மன்னிச்சுக்கிடுங்க."

மச்சான் போனுக்குள் குதித்தார். "பாத்தீரா! ஒரு ஊசிய நிறுத்தத் தெரியல்ல, கழுத்துல கைவைக்கப் போறாவ!"

எனக்கு நேர்மாறாகத் தோன்றியது. கத்தி வரை போய், ஆளும் தயாராக நிற்க, நிறுத்துகிறவர் எத்தனை பேர்? சுவர் ஈரமாக இருக்கிறது, இன்று அடிக்காதே என்று சொல்கிற பெயிண்டரைத்தான் நான் எல்லாருக்கும் சிபாரிசு செய்வேன். இதை மச்சானிடம் அப்படியே சொன்னேன். "எனக்க தங்கச்சி சொவரா ஓய்?" என்றார். ஆனால் சத்தம் குறைந்திருந்தது.

ஆகஸ்ட் 29, வியாழன்

முடிந்தது.

திரையை இழுத்தார்கள். பிளஸ்ஸி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு டீ வாங்கினேன். அது ஆறுவதற்குள் லிஜின் பிரதர் கதவைத் திறந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

முதலில் ஸ்கேன் கருவியைக் கழுத்தில் வைத்து, வழியில் ரத்தக்குழாய் எதுவும் குறுக்கே இல்லை என்று பார்த்தார்களாம். கொஞ்சம் ரத்தம் கசிந்தது, அழுத்திப் பிடித்ததும் நின்றது. அவ்வளவுதான் - டாக்டரின் அதே அவ்வளவுதான்.

மச்சானுக்குச் செய்தி அனுப்பினேன். கைகூப்பிய படங்களாக வந்து விழுந்தன.

ஆகஸ்ட் 31, சனி

அவள் வாயைப் பார்த்தேன்.

இரண்டு வாரமாகப் பிளாஸ்திரியும் குழாயுமாக மறைந்து கிடந்த வாய். உதடு வெடித்து, ஓரத்தில் புண். லிஜின் பிரதர் எண்ணெய் தடவிவிட்டார். மயக்க மருந்தை நிறுத்திவிட்டார்கள். கண்ணில் தெளிச்சல். இடதுபக்கம் உதட்டு ஓரம் மட்டும் கொஞ்சம் மேலே போனது. பாதிச் சிரிப்பு. மீதியை நான் சிரித்தேன்.

செப்டம்பர் 5, வியாழன்

பயந்துபோனேன் இன்று. சும்மா படுத்திருந்தவளுக்குத் திடீரென்று மூச்சு இறங்கவில்லை, மெஷின் அலறுகிறது, கண் பிதுங்குகிறது. கழுத்துக் குழாயில் சளி அடைத்துவிட்டது. லிஜின் பிரதர் ஓடிவந்து உள்குழாயை உருவி வேறு மாட்டினார். மூச்சு வந்துவிட்டது. எனக்கு வர ரொம்ப நேரம் ஆயிற்று.

"துளை போடுகதில்ல அண்ணா கஷ்டம். போட்டப்புறம் பாத்துக்கிடுகதாக்கும். கண்ணு அங்கயே இருக்கணும்" என்றார். சளி எடுப்பது எப்படி என்று எனக்கும் சொல்லித் தரக் கேட்டேன். முதல் தடவை குழாயைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினேன். ஜெபா புருவத்தைத் தூக்கினாள். சளியை எடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

மச்சான் லீவு போட்டு வந்துவிட்டார், பெட்டி நிறைய சாக்லேட்டோடு. யாருக்கு என்று கேட்டால், "நர்சுமாருக்கு" என்கிறார். வாசலிலேயே கழுத்துக் குழாயைப் பார்த்து விம்மத் தொடங்கினார். ஜெபா உதட்டை அசைத்து ஏதோ சொன்னாள்.

"என்னவாம்? பசிக்குதாமா?"

உதட்டைப் படிப்பதில் நானும் பிளஸ்ஸியும் இப்போது தேர்ந்துவிட்டோம். "அண்ணன் தடிச்சிட்டாவன்னு சொல்லுதா" என்றாள் பிளஸ்ஸி. விம்மல் சிரிப்பாகிவிட்டது. பிறகு மச்சான் டாக்டரின் அறை வாசலில் நெடுநேரம் நின்று, சாக்லேட்டைக் கொடுத்துவிட்டு, சலூன் விஷயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வந்தார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

திருவோணம். மலையாள நர்ஸ் பிள்ளைகள் வராந்தாவில் சின்னதாய்ப் பூக்கோலம் போட்டிருந்தார்கள்.

மெஷினைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, அந்தச் சின்ன மூடியைக் குழாயில் மாட்டினார் டாக்டர். "பேசுங்க டீச்சர்."

இருமல். ஒரு கரகரப்பு. பிறகு வந்தது. பழைய குரலில் நாலில் ஒன்றுதான், ஆனால் அவள் குரல்:

"எனக்க பேரு ஜெபகுமாரி. ஒரு மாசமா எல்லாரும் பெட் ஆறு, பெட் ஆறுன்னு சொல்லுதிய."

நர்ஸ் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டாக்டர் சுஜி சத்தமாகவே சிரித்தார். நான் திரைக்குப் பின்னால் போய் நின்றேன். முகத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

எல்லாரும் "ஜெபகுமாரி டீச்சர்" என்கிறார்கள். டியூட்டி மாறும்போதுகூட.

செப்டம்பர் 27, வெள்ளி

மெஷினை முழுதாக எடுத்துவிட்டார்கள். விரல்கள் அசைகின்றன. பந்தைப் பிடிக்கக் கொடுத்தால் பயிற்சி கொடுக்கிற பிள்ளைக்கே எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுக்கிறாள்.

அக்டோபர் 7, திங்கள்

கழுத்துக் குழாயை எடுத்தார்கள். தையலே இல்லை. துளை மேல் பஞ்சு வைத்து ஒட்டிவிட்டு, தானே மூடிக்கொள்ளும் என்றார்கள். பேசும்போது அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தவேண்டும், இல்லையென்றால் காற்று அங்கேயே போய்விடும். ஒரு விரலைக் கழுத்தில் வைத்துக்கொண்டு மச்சானை ஏசினாள், குவைத்துக்குத் திரும்பாமல் லீவை நீட்டிக்கொண்டே போவதற்கு. பெரிய அதிகாரி உத்தரவு போடுவதுபோல் இருந்தது. மச்சான் டிக்கெட் போட்டுவிட்டார்.

அக்டோபர் 19, சனி

வீடு. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நான்கு எட்டு வைத்தாள், அறையைச் சுற்றிப் பார்த்தாள், "தூசி" என்றாள். பிளஸ்ஸி கல்லூரிக்குக் கிளம்பும்போது அம்மாவும் மகளும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் ஆட்டோக்காரரிடம் காத்திருக்கச் சொன்னேன். எவ்வளவு நேரம் என்று கேட்டார். எவ்வளவு ஆனாலும் என்றேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

ஊன்றுகோலை வீட்டிலேயே மறந்துவிட்டுப் பக்கத்துக் கடைவரை போய் வந்தாள். திரும்பி வந்த பிறகுதான் இருவருக்கும் தெரிந்தது.

2025 ஜனவரி 22, புதன்

டாக்டரிடம் காட்டப் போனோம். துளை இருந்த இடத்தில் நகம் பட்டதுபோல் ஒரு தழும்பு. இனிமேல் வரவேண்டாம், வழியில் பார்த்தால் பேசுங்கள் போதும் என்றார்.

வராந்தாவில் ஒருவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலர் அழுக்கு. எனக்கு அவரைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். பெயர் ததேயுஸ், இராஜாக்கமங்கலத்துப் பக்கம் கடற்கரை. அவருடைய அப்பா உள்ளே மெஷினில் இருக்கிறார். கழுத்தில் துளை போடவேண்டும், கட்டிலிலேயே செய்யலாம் என்கிறார்களாம்.

"அது சரியாவுமா அண்ணே? பைசா கொறவுன்னு சொல்லுதாவ. அதுதான் எனக்குப் பயம்."

"உங்க அப்பாவுக்கு எது சரின்னு எனக்குத் தெரியாது தம்பி. அத டாக்டருதான் பாத்துச் சொல்லணும். ஆனா என்னெல்லாம் கேக்கணும்னு எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தேன். ஊசி, கம்பி, கேமரா, நிறுத்தவேண்டிய மருந்து, பிறகு சளி அடைத்தால் யார் பார்ப்பார்கள். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. கடைசியில், "அப்பாக்கு நினைவு இருக்கா? அப்ப அவருட்டயும் கேளுங்க" என்றேன்.

உள்ளேயிருந்து ததேயுஸைக் கூப்பிட்டார்கள். எழுந்து இரண்டடி போய்த் திரும்பினார். "நீங்களும் வாறியளா?"

போனேன். டாக்டர் சுஜி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்; ஒன்றும் கேட்காமல் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். ததேயுஸ் நாலைந்து கேள்விகள் கேட்டார். நல்ல கேள்விகள்.

வெளியே வந்தபோது, என் இடத்தில் ஜெபாவும் அவளுக்குப் பக்கத்தில் ததேயுஸின் மனைவி வேளாங்கண்ணியும் உட்கார்ந்திருந்தார்கள். ஜெபா சேலைத் தலைப்பை விலக்கிக் கழுத்தை நிமிர்த்திக் காட்டினாள். அந்தப் பெண் விரலை நீட்டிவிட்டு, தொடாமல் நிறுத்தினாள்.

"தொட்டுப் பாரு மக்கா," என்றாள் ஜெபா. "ஒண்ணும் செய்யாது."